செய்தித்தளம் நடத்திக்கொண்டே நோயாளிகளுக்காகக் குரல் கொடுக்க முடியுமா?

கேள்வி இதுதான்: சில ஆண்டுகள் செய்தி அறையில் வேலை பார்த்த ஒருவர் சொந்தமாக ஓர் இணையச் செய்தித்தளம் தொடங்கி, மருத்துவமும் மக்கள் நலவாழ்வும் பற்றி எழுதிக்கொண்டே நோயாளிகளுக்காக வெளிப்படையாகப் போராடவும் செய்யலாமா, அதில் பிழைப்பு ஓடுமா? செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. பிழைப்பும் ஓடும், ஆனால் மெதுவாகத்தான், நடுவில் கையில் காசில்லாத காலங்களும் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனசோடு வருகிறார்கள், எங்கே சறுக்கும் என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்வதில்லை.

அந்த நிபந்தனை: நோயாளிக்காகப் பேசுங்கள், மருந்துக்காகப் பேசாதீர்கள். ஒரு குறிப்பிட்ட மருந்தோ சிகிச்சையோ உணவுமுறையோ நல்லது என்று நீங்கள் பிரசாரம் செய்ய ஆரம்பித்துவிட்டால், நாளைக்கு அது பயனில்லை என்று ஓர் ஆய்வு வரும்போது அதை முதல் செய்தியாகப் போட உங்கள் கை வராது. நோயாளிக்காகப் பேசுகிறவருக்கு அந்தத் தயக்கம் இருக்காது, அந்தச் செய்தியும் நோயாளிக்குத்தான் உதவுகிறது.

இதைச் சும்மா தத்துவமாகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு வழிபோட்டவர்கள் எய்ட்ஸ் காலத்துப் போராளிகள், அவர்கள் கதையிலேயே இது இருக்கிறது. 1986ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் எஸ். ஜேம்ஸ் என்பவர் 'எய்ட்ஸ் ட்ரீட்மென்ட் நியூஸ்' என்ற செய்தி மடலைத் தொடங்கினார். அப்போது ஹெச்.ஐ.வி.க்கு அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூடக் கிடையாது. எந்த மருந்தை எங்கே சோதிக்கிறார்கள், இதுவரை என்ன தெரிந்திருக்கிறது என்று, சாகக் கிடக்கிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் புரிகிற மொழியில் எழுதுவதுதான் வேலை. 1987 மார்ச்சில் ஏ.இசட்.டி. என்ற முதல் ஹெச்.ஐ.வி. மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் விலை. யாரால் வாங்க முடியும்?

பீட்டர் ஸ்டேலி இங்கேதான் வருகிறார். வால் ஸ்ட்ரீட்டில் கடன்பத்திர வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர், 1985ல் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. பிறகு 'ஆக்ட் அப்' என்ற எய்ட்ஸ் போராட்ட இயக்கத்தில் சேர்ந்து, வேலையையும் விட்டார். 1989 செப்டம்பரில் அவரும் நண்பர்களும் நியூயார்க் பங்குச்சந்தைக்குள் நுழைந்து, மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு ஏ.இசட்.டி. விலையைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் விலையை 20 சதவீதம் குறைத்தது. நலவாழ்வுப் போராட்டம் என்றால் பலருக்கும் மனசில் நிற்பது இந்தக் காட்சிதான். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

1993ல் கான்கார்ட் என்ற பெரிய ஆய்வின் முதல் முடிவுகள் வந்தன. அறிகுறி இல்லாதவர்களுக்கு ஏ.இசட்.டி.யை மட்டும் சீக்கிரமே தொடங்கினாலும் மூன்று ஆண்டுகளில் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லிச் சங்கிலி கட்டிக்கொண்ட அதே மக்கள் இந்த முடிவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, ஆக்ட் அப்பிலிருந்து பிரிந்து வந்த 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் குரூப்', சக்வினாவிர் என்ற புதிய மருந்துக்கு அவசர அனுமதி கொடுக்காதீர்கள், முதலில் பெரிய ஆய்வு நடத்துங்கள் என்று கேட்டது. மருந்தைச் சீக்கிரம் கொடு என்று தெருவில் நின்றவர்களே இப்போது பொறு என்றார்கள்! மற்றப் போராளிகள் கொதித்துப்போய்த் துரோகம் என்றார்கள். எந்தப் பக்கம் சரி என்று இன்றைக்கும் வாதாடலாம், 1996ல் கூட்டு மருந்துகள் வந்து நிலைமையையே புரட்டிப்போட்டன, அதில் சக்வினாவிர் வகை மருந்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சான்று மாறினால் தன் நிலைப்பாட்டையும் மாற்றிக்கொள்ளும் தைரியம் அந்தக் குழுவுக்கு இருந்தது, இந்தத் தொழிலுக்கு அதுதான் மூலதனம்.

ஸ்டேலி 2000ல் 'எய்ட்ஸ்மெட்ஸ்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு மருந்தும் என்ன செய்யும், பக்கவிளைவு என்ன, எந்த மருந்தோடு எது சேராது என்பதைச் சாதாரண மொழியில் சொல்லும் தளம். 2006ல் அது, 1994ல் ஷான் ஸ்ட்ரப் தொடங்கிய 'பாஸ்' பத்திரிகையோடு இணைந்தது. முதலில் போராளி, பிறகு வெளியீட்டாளர். எழுத்தாளராக வந்து போராளியானவர்களும் உண்டு. எந்த வழியில் வந்தாலும் நடுவில் ஒரு நீண்ட படிப்பு இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் குரூப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் ஹாரிங்டனுக்கு அறிவியல் பட்டம் கிடையாது. நோயெதிர்ப்பியலும் மருந்து ஆய்வு முறையும் தானே உட்கார்ந்து படித்து, கூட இருந்தவர்களுக்காக மருத்துவச் சொற்களுக்கு ஓர் அகராதியே தயாரித்தார். அப்புறம் ஆய்வு விஞ்ஞானிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று வாதாடினார். 1997ல் அவருக்கு, திறமைசாலிகளுக்குக் கொடுக்கப்படும் மெக்கார்தர் நல்கை என்ற அமெரிக்க நிதியுதவி கிடைத்தது. டாக்டர் பட்டம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களிடம் நான் இவரைப் பற்றித்தான் சொல்வேன். படிக்காமல் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்களிடமும் இவரைப் பற்றியேதான் சொல்வேன்.

சரி, என்ன படிக்க வேண்டும்? உடற்கூறு, மருந்தியல் எல்லாம் போகப்போக ஒட்டிக்கொள்ளும். முதலில் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறை என்ற புதுவகைக் கருத்தடை மாத்திரைகள், பழைய வகையோடு ஒப்பிட்டால், ரத்தக்கட்டி ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. இரண்டு மடங்கு என்பது பொய்யில்லை. ஆனால் பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இரண்டு பேருக்கு வந்தது, அவ்வளவுதான். செய்திகளில் இரண்டு மடங்கு மட்டும்தான் ஓடியது, 7,000 காணாமல் போனது. பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 அதிகமாயின என்று பிறகு கணக்கிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், கர்ப்பமாக இருக்கும்போது ரத்தக்கட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

ஆகவே என் மேசைக்கு 'புதிய மருந்து மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறது' என்று ஒரு தலைப்பு வந்தால் நான் உடனே திருப்பிக் கேட்பது, எத்தனையில் பாதி? ஒரு பேச்சுக்கு, மருந்து எடுக்காத 100 பேரில் ஐந்து ஆண்டில் 4 பேருக்கு மாரடைப்பு வந்தது, எடுத்த 100 பேரில் 2 பேருக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் செய்தியின் முதல் பத்தியிலேயே அந்த 4, அந்த 2, அந்த ஐந்து ஆண்டு மூன்றும் வர வேண்டும். மருந்து எடுத்தும் பயன் கிடைக்காத 2 பேரும், எடுக்காமலேயே நன்றாக இருந்திருக்கக்கூடிய 96 பேரும், ஆக மீதி 98 பேர் பக்கவிளைவை மட்டும் சுமக்கிறார்களா என்பது இரண்டாவது பத்தி. இப்படி எழுதினால் தலைப்பு சப்பென்று போகிறது என்று துணையாசிரியர்கள் முனகுவார்கள். முனகட்டும், அந்தச் செய்தியைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகிறவர் சரியான கேள்வி கேட்பார்.

அடுத்தது செய்திக்குறிப்பு என்ற பொறி. மின்னஞ்சலைத் திறந்தால் பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும் மருந்து நிறுவனங்களும் அனுப்பிய குறிப்புகள் அழகாகச் சமைத்துப் பரிமாறித் தயாராக இருக்கும். இன்ன நேரம்வரை வெளியிடக் கூடாது என்ற எம்பார்கோ வேறு, அதனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய அவசரம். 2014ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்து காட்டினார்கள். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, அவற்றின் மூல ஆய்வுக்கட்டுரைகளோடும் பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் ஆய்வு சொல்லாத அளவுக்கு அறிவுரை ஏற்றப்பட்டிருந்தது. விலங்குகளில் நடந்த ஆய்வை மனிதர்களுக்கு நீட்டிச் சொன்ன விஷயத்தைப் பாருங்கள்: குறிப்பு அப்படி மிகைப்படுத்தியிருந்தால் செய்திகளில் 86 சதவீதம் அதையே செய்தன, குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். பழியை நிருபர்கள் மேல் மட்டும் போட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. கூடவே, நம் தளத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தால்கூட எவ்வளவு தடுக்கலாம் என்பதும் தெரிகிறது: மூல ஆய்வுக்கட்டுரையைத் திறந்து படிக்காமல் ஒரு வரி வெளியே போகக் கூடாது, ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கருத்துக் கேட்காமல் செய்தி முடியக் கூடாது.

இதற்கு ஆயத்தமான ஒரு சல்லடையே இருக்கிறது. கேரி ஷ்விட்ஸர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2006ல் 'ஹெல்த் நியூஸ் ரிவ்யூ' என்ற தளத்தைத் தொடங்கி, மற்றவர்களின் மருத்துவச் செய்திகளைப் பத்து அளவுகோல் வைத்து மதிப்பிட்டார். செலவு எவ்வளவு, பயன் எண்ணில் சொல்லப்பட்டதா, தீங்கு என்ன, சான்றின் தரம் என்ன, இல்லாத நோயை உருவாக்கிப் பயமுறுத்துகிறதா, கருத்துச் சொன்னவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், மாற்று வழி உண்டா, இந்தச் சிகிச்சை உண்மையிலேயே கிடைக்கிறதா, உண்மையிலேயே புதிதா, செய்திக்குறிப்பை அப்படியே ஒப்பித்திருக்கிறார்களா. இந்தப் பத்தையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பெரிய பெரிய ஊடகங்களே செலவு, தீங்கு இந்த இரண்டிலும் தொடர்ந்து கோட்டைவிட்டன.

அப்படிப்பட்ட தளத்தின் கதியைச் சொன்னால்தான் பணத்தைப் பற்றிப் பேச முடியும். 2018 கடைசியில் அதன் நல்கை முடிந்தது, வேறு யாரும் கொடுக்கவில்லை, தினசரி மதிப்பீட்டு வேலை நின்றுபோனது. இன்னோர் உதாரணம் ப்ரோமெட். 1994லிருந்து உலகெங்கும் பரவும் தொற்றுநோய்ச் செய்திகளை மின்னஞ்சலில் அனுப்பிவரும் சேவை, 2003 பிப்ரவரியில் சார்ஸ் பற்றியும் 2019 டிசம்பர் 30ஆம் தேதி வூஹான் நிமோனியா பற்றியும் உலகத்துக்கு முதலில் எச்சரிக்கை கொடுத்தவர்களில் அதுவும் ஒன்று. அங்கேயே 2023ல் பணத் தட்டுப்பாடு வந்து, ஊதியம் நிலுவையில் இருக்கிறது என்று நெறியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகத்துக்கே தேவைப்படுகிற வேலை என்பதாலேயே யாரோ ஒருவர் காசு கொடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வருமானத்துக்கு நான்கைந்து வழி இருக்கிறது: விளம்பரம், வாசகர் சந்தா, நன்கொடை, அறக்கட்டளை நல்கை, மற்றப் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுப்பது. எதுவும் சுத்தம், எதுவும் அசுத்தம் என்று கிடையாது. ஆனால் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வரக் கூடாது. அந்த இடம் மருந்து, பரிசோதனைக்கூடம், மருத்துவமனை, சத்துமாவு, காப்பீடு என்று நீங்கள் எழுதும் விஷயத்தைச் சேர்ந்ததாக இருந்தால் அறவே கூடாது. நான் பொறுப்பில் இருந்த ஒரு தளத்துக்கு முழு உடல் பரிசோதனை விற்கும் ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தால் தேவையில்லாத அடுத்த பரிசோதனைகளில் கொண்டுபோய் விடும் என்று நாங்கள் எழுதிய கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார்கள். மிரட்டவில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்கள், "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும் சார்" என்றார்கள். பத்தி இருந்தது, விளம்பரம் போனது, அந்தக் காலாண்டு கஷ்டமாக இருந்தது. இந்தத் தொழிலில் விலைபேசுவது பெரும்பாலும் இப்படித்தான் வரும், பத்தி பத்தியாக. யார் யாரிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதைத் தளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால் இப்படிக் கேட்கிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள்.

தேடுபொறியை நம்பியும் இருக்க முடியாது. 2018 ஆகஸ்டில் கூகுள் தன் தரவரிசையை மாற்றியபோது ஏராளமான மருத்துவத் தளங்களின் வாசகர் கூட்டம் திடுமென்று சரிந்தது. எழுதியவர் யார், அவருக்கு என்ன அனுபவம், தளத்தை நம்பலாமா என்பதற்கெல்லாம் மருத்துவ விஷயத்தில் கூடுதல் கண்டிப்பு வந்துவிட்டது. கொள்கை நல்லதுதான், ஆனால் அதன் கணக்கு உங்கள் கையில் இல்லை. அதனால் நேரடியாக உங்களிடம் வருகிற வாசகர்களை, மின்னஞ்சல் மடலுக்குப் பதிவு செய்கிறவர்களை, முதல் நாளிலிருந்தே சேருங்கள்.

இப்போது போராளி வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் நடுவில் வைக்க வேண்டிய சுவர். ஒரு மருந்தின் விலை குறித்த பொது விசாரணையில் நீங்கள் போய்ப் பேசுகிறீர்கள் என்றால், அந்த விசாரணை பற்றிய செய்தியை நீங்கள் எழுதவோ திருத்தவோ கூடாது. வேறொருவர் எழுத வேண்டும், எங்கள் வெளியீட்டாளர் இதில் இன்ன தரப்பில் பேசினார் என்று செய்திக்குள்ளேயே ஒரு வரி வர வேண்டும், எதிர்த்தரப்பு சொன்னதும் முழுசாக வர வேண்டும். இரண்டு பேர் மட்டுமே உள்ள தளத்தில் இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். ஆள் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவருக்குக் காசு கொடுத்து எழுதச் சொல்லுங்கள், அதுவும் முடியாவிட்டால் அந்தச் செய்தியை விட்டுவிட்டுக் கருத்துக் கட்டுரை என்று பெயர் போட்டு உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

பொறுமையும் வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். 1998ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை தட்டம்மை முதலியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டுக் கிளப்பிய பீதி தெரிந்ததுதான். பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் 2004ல் அதன் பின்னணியை வெளியே கொண்டுவந்தார், வேக்ஃபீல்ட் அவர்மேல் வழக்கே போட்டார், அவர் விடவில்லை. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2010ல். அந்த 12 ஆண்டுகளில் அந்த ஆய்வைக் கேள்வி கேட்காமல் பரபரப்பாக வெளியிட்டவர்களும் நாங்கள் மக்கள் நலனுக்காகத்தான் எழுதுகிறோம் என்றே நம்பினார்கள். பெற்றோரின் பயத்துக்குக் குரல் கொடுத்தோம் என்றார்கள். குரல் கொடுப்பது மட்டும் போதாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சில விஷயங்களில் எழுதும் விதமே மருந்தாகவும் விஷமாகவும் ஆகிவிடும். வியன்னாவில் 1980களில் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் விலாவாரியாகப் போட்டுக்கொண்டிருந்தன. 1987ல் நிபுணர்கள் வழிகாட்டு நெறிகளைக் கொடுத்துப் பத்திரிகைகளும் அடக்கி எழுதத் தொடங்கியதும் அந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கென்று இதற்கு வழிகாட்டியே வைத்திருக்கிறது. முறையை விவரிக்காதீர்கள், காரணத்தை ஒற்றை வரியில் முடிக்காதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று போடுங்கள். புதிதாகச் சேரும் நிருபருக்கு முதல் வாரமே இதைக் கையில் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தளம் கொஞ்சம் பிரபலமானதும் உங்களை அதிகம் உலுக்கப்போவது: வாசகர் கடிதங்கள். அம்மாவின் ஸ்கேன் படத்தை அனுப்பி இது புற்றுநோயா என்பார்கள், மாத்திரையை நிறுத்தலாமா என்பார்கள், நடுராத்திரியில் எழுதுவார்கள். நீங்கள் டாக்டர் இல்லை, டாக்டராகவே இருந்தாலும் கடிதத்தில் வைத்தியம் பார்க்க முடியாது. அதற்காகப் பதில் போடாமலும் இருக்காதீர்கள், இரண்டே நாளில் ஒரு மனிதர் எழுதிய பதில் போக வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம் என்பது முதல் வரி. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய மூன்று நான்கு கேள்விகளை அவர்கள் நிலைமைக்கு ஏற்ப எழுதிக் கொடுங்கள்: இந்தப் பரிசோதனை முடிவு என் சிகிச்சையை எப்படி மாற்றும், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும், வேறு வழி என்ன, எனக்கு எவ்வளவு செலவாகும். அவசர அறிகுறி ஏதாவது எழுதியிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். அவர்களுடைய விவரங்களை அவர்கள் அனுமதி இல்லாமல் செய்தியாக்காதீர்கள், பெயரை மாற்றிக்கூட. ஒரே மாதிரிக் கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்தால் அடுத்து எழுத வேண்டிய கட்டுரை அதுதான்.